கோப்பு இருக்கிறது, எழுத்தைக் காணோம்



நம் சங்க அலுவலகக் கணினிக்குக் கடந்த அக்டோபரில் புது விண்டோஸ் போட்டோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. மெயின்டனன்ஸ் கணக்கும் வங்கி விவரங்களும் உள்ள கணினியை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று செயற்குழு சொன்னது சரிதான். பழையதை அடியோடு துடைத்துவிட்டு 11-ஐ ஏற்றுவதாக ஏற்பாடு. முன்னதாக பேக்கப் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வங்கியில் காலம் தள்ளியவன், எண்ணிச் சரிபார்த்து வைப்பான் என்ற நம்பிக்கை.

எண்ணித்தான் வைத்தேன். டாகுமென்ட்ஸ் பகுதியில் இருந்த அத்தனையையும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பென் டிரைவிலும் நகல் எடுத்தேன். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பழையதோடு ஒத்துப் பார்த்து டிக் அடித்தேன். புது விண்டோஸ் ஏறியதும் கணக்குக் கோப்பு ஒன்றைத் திறந்தேன். ரூபாய், பைசா எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

டிசம்பரில் சி பிளாக்கிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர், கார் நிறுத்துமிடம் இந்த ஃபிளாட்டுக்குத்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார். கிரயப் பத்திரத்தில் அது இல்லை. 2004-ஆம் ஆண்டுப் பொதுக்குழுவில்தான் கார் இடங்களைப் பங்கிட்டோம். அந்தத் தீர்மானத்தின் நகல் வேண்டும்.

தீர்மானப் புத்தகம் நம்மிடம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள அறைக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டது. ஆனால் அப்போதைய செயலாளர், காலஞ்சென்றவர், ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கையையும் கணினியிலும் ஏற்றி வைப்பவர். வெள்ளம் வந்தபோது கணினியை முதல் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். ஆகவே கவலையில்லை என்று அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, 2004 என்ற ஃபோல்டரைத் திறந்தேன்.

திரை முழுவதும் பிரெஞ்சு எழுத்து மாதிரி ஏதோ. தலைக்கு மேல் கோடு போட்ட ஏ, இரண்டு புள்ளி வைத்த யூ, நடுவில் பவுண்டு குறி, தலைகீழான கேள்விக்குறி. இடையிடையே தேதிகளும் தொகைகளும் மட்டும் தெளிவாக இருந்தன. பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு அங்கிள்" என்றான். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கோப்பு கெட்டிருந்தால் எண்கள் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? மறுநாள் வேர்டில் அந்தக் கிறுக்கலின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பார்த்தேன். நான் கேள்விப்பட்டிராத ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த எழுத்துரு கணினியில் இல்லை. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. விண்டோஸைத் துடைத்தபோது அதுவும் போயிற்று. நான் டாகுமென்ட்ஸைத்தான் நகல் எடுத்தேன். எழுத்துரு என்பது விண்டோஸின் சொத்து, நம் சொத்தல்ல என்று நினைத்துவிட்டேன்.

இது ஏன் ஆங்கிலத்துக்கு நடக்காமல் தமிழுக்கு மட்டும் நடக்கிறது என்று தோண்டப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்களில் 2005-க்கு முன்பு கணினியில் தமிழ் எழுதியவர்கள், எழுதியவர்களின் பிள்ளைகள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

பழைய வங்கிக் கிளைகளில் பித்தளை டோக்கன் கொடுப்போம், நினைவிருக்கிறதா? காசாளர் எண்ணைத்தான் கூப்பிடுவார். 171 என்றால் யார் என்பது அந்தக் கிளையின் அன்றைய பதிவில் இருக்கும். கணினியும் அப்படித்தான். அதற்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்பதை எழுத்துரு சொல்கிறது. அந்தக் காலத்தில் இதற்கு இருந்த இடம் 256. அதில் முதல் 128-ஐ ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகளுக்கென்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மீதி 128-இல்தான் மற்ற மொழிகள் குடியேற வேண்டும். நமக்கோ 247 எழுத்து, அதற்கு மேல் கிரந்தம். எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை கிடையாது. கொம்பு, கால், கொக்கி என்று எழுத்தைப் பிரித்துத் துண்டு துண்டாக அடுக்க வேண்டும். கு, கூ, மு, மூ போன்றவை ஒட்டிப் பிறந்தவை. அவற்றைப் பிரிக்கவும் முடியாது.

எந்தத் துண்டு எந்த அறைக்கு என்பதை யார் முடிவு செய்தார்கள்? எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தார். 1980களின் நடுவிலேயே கனடாவில் ஒருவர் 'ஆதமி' செய்தார், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார். பிறகு டி.டி.பி. தொழில் பெருகியபோது நிறுவனத்துக்கு ஒரு முறை, கடைக்கு ஒரு முறை. இலங்கைத் தமிழர்களிடம் பரவிய பாமினியில் மேல் 128-க்கே பெரிதாகப் போகவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்துவிட்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். 'அம்மா' என்பதற்கு முதல் எழுத்து சின்ன எம். பெரிய எம் 'ஆ'. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியை வேர்டில் அணைக்க மறந்தால், அம்மா 'ஆம்மா' ஆகிவிடுவாள். அந்தக் காலத்துத் தட்டச்சர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஒரே கடையில் அடித்து, அங்கேயே அச்செடுத்துக்கொண்டு வந்தவரை இதனால் தொல்லையில்லை. கல்யாணப் பத்திரிகை காகிதத்தில் வந்துவிட்டால் உள்ளே என்ன எண் இருந்தால் யாருக்கு என்ன? இணையம் வந்ததும்தான் குட்டு உடைந்தது. 1990களின் கடைசியில் தமிழ் இதழ்களின் தளங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: முதலில் எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. அடுத்த தளத்துக்கு அடுத்த எழுத்துரு. ஒரு கிளையின் டோக்கனை எடுத்துக்கொண்டு இன்னொரு கிளையில் வரிசையில் நின்ற கதை.

இதைச் சரிசெய்ய முதலில் கூடியது சிங்கப்பூரில். 1997 மே மாதம் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் 97 கருத்தரங்கை நடத்தினார். எழுத்தாளர், ஆசிரியர், தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 1999-இல் காலமானார், இப்போது எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று தெரியவில்லை. அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் நம் சென்னையில். பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் போன்றவர்கள் பின்னால் நின்றார்கள். அதில் விசைப்பலகைக்குத் 'தமிழ் 99' என்ற முறையும், எழுத்துக்கு டாம், டாப் என்ற இரண்டு முறைகளும் முடிவாகி, அதே ஆண்டு அரசு ஆணை வந்தது. டாப் என்றால் ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் இருக்கும். டாம் என்றால் முழு இடமும் தமிழுக்கே, அச்சுக்கு அழகு. ஒன்று கேட்டால் இரண்டு கிடைத்தது!

இதே சமயத்தில் வெளிநாட்டில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே பேசிப் பேசி 'திஸ்கி' என்று வேறொரு முறையை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதில் முக்கியமானவர். 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களைப் பல ஆண்டுகள் திஸ்கியில்தான் படித்தோம். ஆக, எல்லோரும் ஒன்றுபடக் கூடியதில் முறைகள் இன்னும் கூடின. இதை நக்கலாகச் சொல்லவில்லை. அவரவர் கையில் அதற்குள் ஆயிரக்கணக்கான பக்கங்கள் சேர்ந்திருந்தன. தன் லெட்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தவர் லெட்ஜரில் எழுத யாருக்கு மனம் வரும்?

யூனிகோடு அப்போதே இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. உலகத்து எழுத்துமுறை ஒவ்வொன்றுக்கும் தனி எண் வரிசை. 'அ' என்றால் எந்தக் கணினியிலும் ஒரே எண். ஆனால் அதைக் காட்டும் திறமை விண்டோஸுக்கு 2000 பதிப்பில்தான், 'லதா' எழுத்துருவோடு, வந்தது. 98-இல் கிடையாது. 2001-இல் வந்த எக்ஸ்பியில்கூட கன்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளைச் சேர் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்தால், எக்ஸ்பியின் சி.டி.யைப் போடு என்று கேட்கும். அம்பத்தூர் பக்கத்தில் கடையில் கூட்டித் தைத்து வாங்கிய கணினிக்கு யாரிடம் ஒரிஜினல் சி.டி. இருந்தது? 2004-இல் நம் செயலாளர் கடைக்காரர் போட்டுக்கொடுத்த எழுத்துருவில் அடித்தார் என்றால் குற்றம் அவருடையது அல்ல.

பிறகு யூனிகோடு மெல்ல மெல்ல ஜெயித்தது. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களும், கைப்பேசியும் அதற்குக் காரணம். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடும், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்கும் டேஸ் 16 என்ற முறையும் தமிழக அரசின் தரமாயின. இன்று வாட்ஸாப்பில் நீங்கள் அனுப்பும் வணக்கம் எல்லாம் யூனிகோடுதான். ஒரு சின்னச் செய்தி: புது விண்டோஸில் லதாகூடத் தானாக வருவதில்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். ஆனாலும் லதாவில் அடித்த கோப்பு நன்றாகவே தெரிகிறது. எண் பொது என்பதால், உள்ளே இருக்கும் நிர்மலா என்ற எழுத்துரு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பழைய எழுத்துருக்களுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது நம் ஃபோல்டருக்கு வருகிறேன். அதில் மூன்று விதமான கோப்புகள் இருந்தன. 2006-க்குப் பிறகு அடித்த சில டாப். அம்பத்தூர் நகராட்சி ஆணையருக்குச் சொத்து வரி பற்றி எழுதிய கடிதங்கள் அவை (2011-இல் அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால்). சிங்கப்பூரில் இருந்த வீட்டு உரிமையாளர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய கடிதங்கள் திஸ்கி. இந்த இரண்டும் எளிதாகத் திறந்தன. சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றியும், சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியும் இவற்றை யூனிகோடாக்கிவிடும்.

2002 முதல் 2005 வரையிலானவைதான் சண்டித்தனம் செய்தன. அது எந்த மாற்றிக்கும் தெரியாத கடை எழுத்துரு. ஒரே வழி, அந்த எழுத்துருவைப் பிடிப்பது. ஓ.டி. பக்கத்தில் இன்றைக்கும் பத்திரிகை அடிக்கும் பழைய டி.டி.பி. கடைக்காரர் ஒருவரிடம் பெயரை எழுதிக் காட்டினேன். மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த எக்ஸ்பி கணினியை ஆன் செய்தார். அது எழுந்து நிற்க ஒரு டீ குடிக்கும் நேரம் பிடித்தது. பேஜ்மேக்கரோடு அந்த எழுத்துருவும் உள்ளே இருந்தது. பென் டிரைவில் போட்டுக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இட்டுக் கோப்பைத் திறந்ததும், நம் செயலாளரின் தமிழ் வரிவரியாக எழுந்து நின்றது. "மதிப்பிற்குரிய உறுப்பினர்களே" என்று தொடங்குவார், அவர் வழக்கம். மழைநீர் சேகரிப்பு கட்டாயமான 2003-இல் தொட்டிக் குழி எங்கே தோண்டுவது என்று நடந்த சண்டைகூட அப்படியே இருந்தது.

எழுத்துரு கிடைத்தால் போதாது. அடுத்த விண்டோஸில் இதே கதை நடக்கும். அதனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று நோட்டில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு நானே எழுதினேன். மூன்று மாலை ஆயிற்று. கரப்ட் என்று சொன்ன அதே பையன் அதை வைத்துச் சின்ன புரோகிராம் எழுதினான். அதிலும் ஒரு முடிச்சு. பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், உயிர்க்குறி பின்னால். கொம்பை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. 'கௌரவ செயலாளர்' என்று தேடினால் கிடைக்கவில்லை. பார்த்தால் அது 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக நிற்கிறது. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்பார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ரகரமும் காலும் ஒன்று போலவே இருக்கும். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தது பாதி வேலைதான். கிடைத்த ஏட்டில் இருப்பது என்ன எழுத்து என்று முடிவு செய்தது மீதி வேலை. அவருக்கு முன்னால் நம் முயற்சி தூசு, ஒப்பிடவில்லை. ஆனால் ரகரத்தையும் காலையும் குழப்பி அடித்திருந்த இடங்களைத் திருத்தும்போது அவர் நினைவு வராமல் இல்லை.

வங்கியில் கணினி நுழைந்த நாட்களும் நினைவுக்கு வந்தன. 1984-இல் டாக்டர் ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்த பிறகு, மெதுவாகக் கிளைகளில் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் வந்தன. நாள் முடிவில் ஃபிளாப்பியில் பேக்கப் எடுத்து, கிழமை எழுதி ஒட்டி, பெட்டகத்தில் வைப்போம். தவறாமல் வைப்போம், பதிவேட்டில் கையெழுத்தும் போடுவோம். ஒரு கிளையில் (எந்த வங்கி என்பது வேண்டாம்) இயந்திரம் படுத்து, புதிதாக எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, ஐந்து நாள் ஃபிளாப்பியும் படிக்கவில்லை. எடுத்தோமே தவிர, ஒருநாளும் திரும்ப ஏற்றிப் பார்க்கவில்லை. வவுச்சர்கள் காகிதத்தில் இருந்ததால் மூன்று இரவு உட்கார்ந்து திரும்பப் பதிந்தோம். அந்த மூன்று இரவில் கற்றதை அக்டோபரில் நான் மறந்துவிட்டேன் என்பதுதான் எனக்கு வெட்கம். ஒரே ஒரு தமிழ்க் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்திருந்தால் துடைப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும். அது கணக்குக் கோப்பு, எண்கள், எண்கள் எந்த முறையிலும் மாறுவதில்லை. என்னைப் போன்றவனை ஏமாற்ற அது போதும்.

தீர்மானம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். 14-ஆம் எண் இடம் அந்த அம்மாவின் ஃபிளாட்டுக்கு, வீட்டோடு சேர்ந்து கைமாறலாம் என்று தெளிவாக இருந்தது. கையெழுத்துள்ள மூலம் இல்லாததால், அன்று கூட்டத்தில் இருந்த மூன்று உறுப்பினர்களின் உறுதிமொழியோடு சங்கம் கடிதம் கொடுத்தது, வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டார். அடுத்த வரியில் 15-ஆம் எண் இடம். விருந்தினர் வண்டிகளுக்கு உரியது, என் வேண்டுகோளின்பேரில் தற்காலிகமாக எனக்குக் கொடுக்கப்படுகிறது என்று இருந்தது. இருபத்தோரு வருடமாக அதை என் இடம் என்றே நினைத்திருந்தேன். ஜனவரி முதல் என் கார் பின்பக்கச் சுவர் ஓரம் நிற்கிறது. 15-இல் 'விசிட்டர்' என்று எழுதச் சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வளாகத்தில் எத்தனையோ பேர் வீட்டில் பழைய சி.டி., பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும். அப்பா எழுதிய கட்டுரை, குடும்ப மரம், கோயில் திருப்பணிக் கணக்கு என்று தமிழில் ஏதாவது இருக்கும். திறந்து பார்த்துக் கிறுக்கலாகத் தெரிந்தால் கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். அந்தக் கிறுக்கலின் மேல் சேவ் பட்டனையும் அழுத்தாதீர்கள். சில வகைக் கோப்புகளில் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், துடைப்பதற்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகல் எடுங்கள். எழுத்துருவோடு பி.டி.எஃப். ஆக்கி ஒன்று, காகிதத்தில் ஒன்று எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. காகிதத்தைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம்.

ஞாயிறு காலை 10 மணி முதல் 12 வரை நானும் அந்தப் பையனும் சங்க அலுவலகத்தில் இருப்போம். கோப்பின் நகலைக் கொண்டுவாருங்கள், மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.

நம் சங்கத்தின் கோப்புகளில் மூன்று மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவை 2002-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, வேறோர் எழுத்துரு. ஓ.டி. கடைக்காரரிடமும் இல்லை. அதன் பெயரைப் பெரிதாக எழுதி லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய டி.டி.பி. கடை வைத்திருந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், ஒரு படம் எடுத்து அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.